எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு செல்லப் பிராணிகள் பக்கத்தில், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்குப் பின்னங்கால் தளர்வது வளர்ப்பவர்கள் அளவில்லாமல் தீனி போடுவதால்தான் என்று எழுதியிருந்தீர்கள். என் கொழுந்தனார் அந்தப் பத்தியை வெட்டியெடுத்து வந்து, "நான் அன்றே சொன்னேன் அல்லவா, மைனி" என்றார். இரண்டு இரவு எனக்கு உறக்கம் இல்லை.

எங்கள் முற்றத்தில் காயும் ரப்பர் ஷீட்டுகளுக்கு என் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் மணிதான் காவல். சோறும் சாளை மீனும் அளந்துதான் வைத்தேன். ஏழாம் மாதத்திலேயே ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துவைத்து முயல்போலத் தாவினான். விளையாடுகிறான் என்று சிரித்தோம். நாகர்கோவிலில் எக்ஸ்ரே எடுத்த மருத்துவர், தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் பாதிகூட உட்காரவில்லை என்று காட்டினார். எடை கூடினால் வலி கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூட்டுவாகு தாய் தகப்பன் வழியே வருவது. கடைசி இரண்டு வருடமும் ஈரிழைத் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கித்தான் மூன்று படியும் இறக்கினேன். அவன் முன்னங்கால் நகம் கீறிய தடம் படியில் இன்னும் இருக்கிறது. இதையா கவனக்குறைவு என்கிறீர்கள்?

விற்றவர் கெனல் கிளப் சான்றிதழைக் காட்டினார். அது வம்சத்தைச் சொல்லும் சீட்டு. இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தகப்பன் நாய்க்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று பின்னால் கேட்டேன். அது போட்டியில் பரிசு வாங்கியது என்றார். ஆடு மேய்க்க ஜெர்மனியில் உருவான இனம் இது. 1899 இல் அங்கே தொடங்கிய இதன் சங்கம், இடுப்பு எக்ஸ்ரே பார்த்த பிறகே இனவிருத்திக்கு அனுமதிக்கிறது. வயதான பின் பின்னங்கால்கள் செயலிழக்கும் தண்டுவட நோய் ஒன்றும் இந்த இனத்தில் உண்டு. அதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது, கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். இடுப்புக்கு அப்படி ஒற்றைச் சோதனை இல்லை. எக்ஸ்ரேதான் எடுக்க வேண்டும். இங்கே யார் எடுக்கிறார்கள்?

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 இல் விதி போட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. மணி என் கைக்கு வந்தபோது அவனுக்கு ஐந்து வாரம். இதைப்பற்றி முன்பே இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றும் வெளிவரவில்லை. குட்டி விற்பனை விளம்பரங்கள் மட்டும் வாரம் தவறாமல் வருகின்றன, "சாம்பியன் வம்சம்" என்ற கொட்டை எழுத்தோடு.

அந்த விளம்பரங்களைத் தரும் விற்பனையாளர்களிடம், தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை ஒரு வரியாகச் சேர்த்து அச்சிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்