‘என்ன தப்பு செஞ்சோம் சார்?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் ‘வழக்கம்போல் மாணவிகளே முன்னிலை’ என்ற செய்தியை நாளிதழ்களில் படிக்கிறோம். 2025 மே மாதம் வந்த முடிவில் மாணவியர் 95.88 விழுக்காடும் மாணவர் 91.74 விழுக்காடும் தேர்ச்சி பெற்றிருந்தனர். பெண் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் மகிழாதவர் இருக்க முடியாது. ஆனால் பின்தங்கிய பையன்களைக் குறித்து வீட்டிலும் வகுப்பறையிலும் டீக்கடையிலும் தாராளமாகச் சொல்லப்படும் ‘மக்கு’, ‘உருப்படாதவன்’, ‘இவனுக்கெல்லாம் படிப்பு வராது’ போன்ற சொற்கள், தேர்வு எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர்கள் காதில் விழுந்துகொண்டிருக்கின்றன. பதின்மூன்று வயதில் ஒருவன் தன்னைப் பற்றி இப்படியொரு முடிவுக்கு வந்துவிட்டால், அதை மாற்றுவதற்கு அறிவுரை போதாது என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கல்லூரி நாட்களில் 5,000 மீட்டர் ஓடியவன். புதுக்கோட்டை மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியரின் அனுமதியோடும் உடற்கல்வி ஆசிரியரின் துணையோடும், 7 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் பையன்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். பள்ளி முடிந்ததும் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். செம்மண்ணும் சரளையும் கலந்த மைதானம். நெருஞ்சி முள்ளைப் பொறுக்கிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்வதே முதல் வேலை. பெரும்பாலான பையன்கள் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள்.

முதல் நாள் அவர்களை வரிசையாக நிறுத்தி, மைதானத்தை மெதுவாக இரண்டு சுற்று ஓடி வரச் சொன்னேன். பின்வரிசையில் நின்ற ஒரு சிறுவன் தயங்கியபடி, “என்ன தப்பு செஞ்சோம் சார்?” என்று கேட்டான். மற்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்குமே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் மூன்று சுற்று, தாமதமாக வந்தால் ஐந்து சுற்று என்று ஓட்டத்தைத் தண்டனையாக மட்டுமே அவர்கள் அறிந்திருந்தார்கள். தண்டனையாக ஓடாதவர்கள் ஓடும் ஒரே சந்தர்ப்பம், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டிக்கான தேர்வு. அதில் வேகமாக ஓடும் இரண்டு மூன்று பேர் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் அடுத்த ஆண்டு வரை ஓரமாக நின்று கைதட்டுவார்கள். குறுவட்டத்தையும் முதலமைச்சர் கோப்பையையும் நான் குறை கூறவில்லை. திறமை உள்ளவனைக் கண்டெடுக்க அவை வேண்டும். தேர்வாகாத பையனுக்கு மைதானத்தில் என்ன இடம் என்பதே என் கேள்வி.

இதில் நானே ஒரு பெரிய தவறு செய்தேன். முதல் மாத முடிவில் எல்லோரையும் 1,000 மீட்டர் ஓடவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை இடத்தையும் நேரத்தையும் உரக்க வாசித்தேன். உற்சாகப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். அடுத்த வகுப்புக்குக் கடைசி நான்கு பேரும் வரவில்லை. வகுப்பறையில் அன்றாடம் நடப்பதையே நான் மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நால்வரின் வீட்டுக்கும் சென்று, தவறு என்னுடையது என்று அவர்களிடமே சொல்லி அழைத்து வந்தேன். பெரியவர் ஒருவர் தங்களிடம் வந்து அப்படிச் சொன்னது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். ஒவ்வொரு பையனுக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் அவனுடைய நேரத்தை அவனே எழுதுவான். அடுத்தவன் நேரத்தோடு ஒப்பிடுவதில்லை. முதல் வாரங்களில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். பக்கத்தில் ஓடுபவன் கேட்கும் கேள்விக்கு மூச்சிரைக்காமல் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைத்துக்கொள்ள வேண்டும். ‘குறைத்துக்கொள்’ என்று ஒரு பெரியவர் சொல்வதை அந்தப் பிள்ளைகள் நம்பவே சில நாட்கள் ஆயின.

மாதம் ஒருமுறை ‘கணிப்பு ஓட்டம்’ வைக்கிறோம். ஓடுவதற்கு முன், தான் எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் முடிப்பேன் என்பதை ஒவ்வொருவனும் தன் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓடும்போது யாரிடமும் கடிகாரம் இருக்காது. சொன்ன நேரத்துக்கு மிக நெருக்கமாக முடிப்பவனே அன்றைய வெற்றியாளன். இதில் வேகமான பையன்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள், ஏனெனில் தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். உடல் பருமனுக்காக வகுப்பில் பட்டப்பெயர் சுமந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், 1,500 மீட்டரில் தான் எழுதியதற்கும் ஓடியதற்கும் இரண்டே நொடி வித்தியாசத்தில் வந்தான். தன் உடம்பு எதைச் செய்யும், எப்போது திணறும், அப்போது எப்படி நிதானிக்க வேண்டும் என்பதை அந்தக் கூட்டத்திலேயே அவன்தான் அதிகம் அறிந்திருந்தான். அவனை நான் பாராட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மற்ற பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு எப்படிக் கணித்தாய் என்று கேட்டார்கள். அவன் விளக்கிய விதத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு மைதானத்தில் அந்தப் பட்டப்பெயர் என் காதில் விழவில்லை.

‘நீ கெட்டிக்காரன், உன்னால் முடியும்’ என்று வெறுமனே சொன்னால் பையன்கள் நம்புவதில்லை. ஜூலையில் இரண்டு நிமிடம் ஓட முடியாமல் நின்றவன், டிசம்பரில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடியதைத் தன் கையெழுத்திலேயே நோட்டில் பார்க்கும்போது, அதை யாரும் மறுக்க முடியாது. தன்மதிப்பு என்று நாம் சொல்வது அத்தகைய சான்றுகளிலிருந்தே வளர்கிறது என்பது என் அனுபவம்.

எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த கோ. இலட்சுமணனைப் பையன்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்தும், ஓடுபாதைக் கோட்டுக்கு உள்ளே கால் வைத்ததாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டு வெண்கலத்தை இழந்தார். வெற்றிக் கதையைவிட இந்த இழப்பைத்தான் பையன்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய வீரருக்கும் இப்படி நடக்குமா என்ற வியப்பு அவர்கள் கண்ணில் தெரிகிறது.

ஓட்டத்தின் மற்றொரு பயனை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிரே உட்காரவைத்து ‘என்னடா பிரச்சினை?’ என்று கேட்டால் வாய் திறக்காத பையன், தோளோடு தோளாக மெதுவாக ஓடும்போது தானாகவே பேசத் தொடங்குகிறான். ‘ஆம்பளப் பையன் அழலாமா?’ என்று கேட்டே வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். வீட்டுக் கடன், அப்பாவின் குடி, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகச் சொல்லும் நெருக்கடி என எத்தனையோ அப்படி வெளிவந்திருக்கின்றன. கேட்டதை ஊரில் பேசக்கூடாது. பையன் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மறைக்கவும் கூடாது. அப்போது தலைமையாசிரியரிடமும், தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் தெரிவிக்க வேண்டியது பயிற்சியாளரின் கடமை. பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் எந்தச் சிறுவனையும் சேர்ப்பதில்லை. பெரியவர் இருவர் இல்லாத நாளில் பயிற்சி நடத்துவதும் இல்லை.

பசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நண்பகல் சத்துணவுக்குப் பின் மாலை வரை எதுவும் சாப்பிடாத பையனை ஓடச் சொல்வது நியாயமாகாது. எங்கள் பகுதியில் விளையும் நிலக்கடலையை அவித்து, பயிற்சிக்குப் பின் ஆளுக்கு ஒரு கை கொடுக்கிறோம். செலவை ஊர்க்காரர்கள் சிலர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவின் சார்லட் நகரில் சிறுமியருக்காக 1996-இல் ஓர் ஓட்டத் திட்டம் தொடங்கி, அதே நகரில் 2009-இல் சிறுவர்களுக்கும் தனியே ஒன்று உருவாகியிருக்கிறது. நம் சிறுமியருக்கும் இத்தகைய மாலைகள் நிச்சயம் வேண்டும். எங்கள் பள்ளியில் அதை நடத்த முன்வரும் பெண் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளிலோ இருக்கும் விளையாட்டுப் பாடவேளையே கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. இத்தகைய மாலைப் பயிற்சிக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழு கூடித் தீர்மானம் போட்டால் மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்தைத் திறந்துவைக்கலாம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள், முன்னாள் ராணுவத்தினர், காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடும் இளைஞர்கள் எனப் பயிற்சி தரத் தகுதியானோர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களின் பின்னணியைச் சரிபார்த்து, சிறுவர்களைக் கையாளும் முறையில் இரண்டு நாள் பயிற்சி அளிக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்க வேண்டும். அத்துடன், மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அது வந்துவிட்டால், புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளில் அந்தக் கேள்வி எழாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.