செக்கு எண்ணெய் கொலஸ்ட்ராலைக் கரைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் சிற்றூர்கள் வரை பெருகிவிட்ட மரச்செக்குக் கடைகள் சிலவற்றில், கடலை எண்ணெய் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்றும் ‘இரத்தக் கொழுப்பைக் கரைப்பது’ என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னது உண்மைதான். ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்ளும் அளவில் இருப்பதில்லை. நிறைகொழுப்பு மிகுந்து, எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை உயர்த்தும் ரேஷன் பாமாயிலுக்கும் அந்த வாசகம் பொருந்திவிடும்.

பின்னது சற்று விளக்கம் கோருவது. தாவரங்களில் உள்ள ஸ்டெரால்கள் என்னும் கொழுப்புவகைப் பொருள்கள் அமைப்பில் கொலஸ்ட்ராலை ஒத்திருப்பதால், குடலில் பித்தநீரோடு கலந்து உறிஞ்சப்படவிருக்கும் கொலஸ்ட்ராலின் இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றன. இடமிழந்த கொலஸ்ட்ரால் மலத்தோடு வெளியேறுகிறது. இதில் கரைவது எதுவுமில்லை. நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் ஸ்டெராலை உணவோடு சேர்த்து உட்கொண்டால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பின்லாந்தில் 1995ஆம் ஆண்டிலேயே இவ்வகைப் பொருளைச் செறிவாகச் சேர்த்த மார்கரின் (வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படும் கொழுப்பு) விற்பனைக்கு வந்தது. கடலை எண்ணெயிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம்தான் உண்டு. அந்த 2 கிராமை எட்ட வேண்டுமானால் தினமும் ஒரு கிலோ எண்ணெய் உள்ளே போக வேண்டும்! தவிட்டு எண்ணெயில் ஸ்டெரால் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றாலும், தாளிப்புக்கு ஊற்றும் அளவில் அதுவும் போதாது.

சுவைக்காகவும் மணத்துக்காகவும் செக்கு எண்ணெய் வாங்குவதை நான் குறை கூறவில்லை. நம் மானாவாரி நிலக்கடலைக்கு விலை கிடைத்தால் மகிழ்ச்சியே. மருந்துக் கடையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் கவலை வேறு. ஸ்டேட்டின் மாத்திரைகள் எல்.டி.எல்.லை 30 முதல் 50 சதவீதம் வரை குறைப்பதோடு மாரடைப்பையும் குறைப்பவை என்று நிறுவப்பட்டுள்ளது. ஸ்டெராலுக்கு அத்தகைய சான்று இன்னும் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, எண்ணெயையோ மூலிகைப் பொடியையோ நம்பி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்று பேர்பெற்ற குக்குலு என்னும் மரப்பிசின், 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எல்.டி.எல்.லைக் குறைக்காமல் சற்றே உயர்த்தியது. சிட்டோஸ்டெரோலீமியா என்னும் அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கோ, ஸ்டெரால் இரத்தத்தில் தங்கித் தீங்கே விளைவிக்கும்.

எனவே, ஸ்டெராலைச் சொல்லி விற்கும் எவரும் அதன் அளவை மில்லிகிராமில் அச்சிட வேண்டும் என்றும், ‘கரைக்கும்’ என்ற வாசகம் உள்ள பலகைகளை அகற்றச் செய்ய வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்புத் துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குடியாத்தம்.