படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) பாடசாலைகளுக்கு உதவும் உறவுகள் கவனத்துக்கு

வணக்கம். இந்தமுறை புத்தகப்பையோ புத்தகமோ வேண்டாம். பாடநூலை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. சில வீட்டில் ஒரே பிள்ளைக்கு மூன்று பை தொங்குகிறது.

பிள்ளை இடைவிலகுவது வேறு காரணத்தால். வேளாண்மை (நெல்) வெட்டுக் காலத்தில் தாய் தகப்பன் வயலுக்குப் போக, மூத்த பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்க்க நின்றுவிடும். இரண்டு கிழமை விட்டால் கணிதம் பிடிபடாது, பிறகு வெட்கத்தில் வராது. அதனால் காசு மாலை வகுப்புக்கே போகட்டும். ஊரிலேயே உயர்தரம் முடித்த ஒருவரைப் படிப்பிக்கப் பிடியுங்கள். டவுனிலிருந்து வருபவர் மாரி மழையில் தாம்போதியை (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்ந்த பாலம்) தண்ணி மூடினால் வரமாட்டார். ஆறு மாதக் கொடுப்பனவு கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். யானைக் காட்டோரம் என்றால் பொழுதுபட முன் வகுப்பை முடிக்கவேண்டும்.

மலசலகூடம் கட்டித்தர நினைப்பவர்கள் முதலில் கிணற்றைப் பாருங்கள். ஆவணியில் வத்துகிற கிணறென்றால் கூடம் பூட்டித்தான் கிடக்கும். தண்ணி இல்லாவிட்டால் பெரிய பொம்பிளைப் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடுவார்கள். தண்ணித் தாங்கியும் குழாயும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கட்டட வேலைக்கு வலயக் கல்வி அலுவலக அனுமதி எழுத்தில் வேண்டும். காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு மட்டும்; பற்றுச்சீட்டை நம் உதவிக் குழுவில் போடுங்கள், பிள்ளைகளின் படத்தைப் போடவேண்டாம்.