சவுண்ட் கார்டு வாங்குறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர் பகுதியில, பாட்டு கேக்குறவங்க கேம் ஆடுறவங்க எல்லாரும் தனியா ஒரு சவுண்ட் கார்டு (சத்தத்துக்குன்னே உள்ள சொருகுற அட்டை) போட்டுக்கங்க, மதர்போர்டுல, அதான் கம்ப்யூட்டரோட மெயின் போர்டுல, வர்ற சவுண்ட் சும்மா பேருக்குத்தான்னு எழுதியிருந்தீங்க. திருச்சியில 25 வருஷத்துக்கு மேல சிஸ்டம் அசெம்பிள் பண்ணி சர்வீஸ் பாக்குறவன் நான். இதையே 1998ல எழுதியிருந்தா நூத்துக்கு நூறு சரி சார், இப்ப எழுதினதுதான் இடிக்குது.

1989ல சிங்கப்பூர்க்காரங்க, க்ரியேட்டிவ் கம்பெனி, சவுண்ட் பிளாஸ்டர் கார்டை இறக்கினப்ப முக்கால்வாசி பிசியில பீப் பீப்னு கத்துற குட்டி ஸ்பீக்கர் மட்டும்தான் இருந்துச்சு, அதனால கார்டு போட்டவன் ராஜா. நான் தொழிலுக்கு வந்தப்பவும் கார்டு கம்ப்யூட்டரோட பேசுறதுக்கான நம்பரை ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1னு கையால செட் பண்ணி, சிடி டிரைவ்ல இருந்து கார்டுக்கு ஒரு மெல்லிசு வயர் இழுத்து, அப்புறமும் சத்தம் வரலைனா மண்டைய பிச்சிக்கணும். 1997ல இன்டெல்லோட ஏசி97ங்குற ஆடியோ தரம் வந்துச்சு, போர்டுலயே ஒரு சின்ன சிப்பை வச்சுட்டு வேலைய ப்ராசஸர் தலையில கட்டிட்டாங்க. ஆரம்பத்துல வந்த அந்த போர்டுங்க நிஜமாவே மோசம், ஒரே இரைச்சல், ஆன்போர்டு சவுண்டுக்கு, அதாவது போர்டுலயே வர்ற சவுண்டுக்கு, கெட்ட பேரு வந்தது அப்பதான். 2004ல அதுக்கு அடுத்த தரமான எச்டி ஆடியோ வந்த பிறகு நிலைமை மாறிடுச்சு, பேருதான் இன்னும் போகல.

இப்ப ஒரு சாதா போர்டுல இருக்குற ரியல்டெக் ஏஎல்சி887 சிப்பையே எடுத்துக்கங்க, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் 97 டெசிபல்னு போட்டிருக்கான், இது கூடக்கூட சத்தம் சுத்தம். சிடியில பாட்டைப் பதியிற 16 பிட் அளவுக்கு கணக்கு பார்த்தாலே 96 கிட்டதான் வரும், அப்ப சாதா சிப்பே சிடிக்குப் போதும். விலை கூடுன போர்டுல வர்ற ஏஎல்சி1220க்கு 120. இது சிப்போட கணக்கு, போர்டுல வச்சதும் கொஞ்சம் குறையும்தான், இருந்தாலும் தலைக்கு மேல ஃபேன் ஓடுற, வெளிய பஸ் ஹாரன் அடிக்கிற நம்ம ரூம்ல அதை யாரு கண்டுபிடிக்கப் போறா? கேமுக்கு கார்டு வேணும்ங்குறதும் பழைய கதை, விண்டோஸ் விஸ்டா வந்தப்பவே, கேம் சத்தத்தை அனுப்புற டைரக்ட்சவுண்ட் நேரா கார்டுக்குப் போற வழிய மைக்ரோசாஃப்ட் அடைச்சிருச்சு.

கடைக்கு வர்ற கம்ப்ளைன்ட் எல்லாம் வேற ரகம் சார். போன வருஷம் லால்குடி பக்கத்துல இருந்து கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒருத்தர் வந்தாரு, ஸ்பீக்கர்ல கொர்ர்ருனு சத்தம், யாரோ சொன்னாங்கன்னு ஐயாயிரத்துக்கு மேல குடுத்து கார்டு வாங்கிப் போட்டும் அதே கொர்ர்ருதான். கேபினட்ல கை வச்சா சுர்ருங்குதான்னு கேட்டேன், ஆமாண்ணே, அது எப்பவும் அப்படித்தானேங்குறாரு! வீட்டுக்குப் போய்ப் பார்த்தா ப்ளக் பாயின்ட்ல எர்த் ஓட்டை இருக்கு, பின்னாடி வயரே இல்ல. எர்த் இல்லைனா எஸ்எம்பிஎஸ்ல (கேபினட்டுக்குள்ள கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி) இருக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா 230 வோல்ட்ல பாதி, 115 கிட்ட, பாடியில வந்து நிக்கும். கரண்ட் ரொம்ப கம்மி, ஆனா அது ஆடியோ வயரைச் சுத்தியிருக்குற உலோக உறை (ஷீல்டு) வழியா ஆம்ப்ளிஃபயருக்குள்ள போயிரும், அதுக்கு எந்த கார்டும் மருந்து இல்ல. எலக்ட்ரீஷியனை விட்டு எர்த் இழுத்த அன்னிக்கே சத்தம் நின்னுருச்சு.

இன்னொண்ணு, கேபினட் முன்னாடி இருக்குற ஹெட்போன் ஜாக். அந்த வயரு கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாத்தையும் உரசிக்கிட்டு வரும், அதனாலதான் மவுஸை நகத்துனா காதுல கிர் கிர்ருனு கேக்கும். பின்னாடி பச்சை ஜாக்ல சொருகிப் பாருங்க, பாதி பேருக்கு அதோட சரியாயிடும், காசு செலவில்ல. அப்பவும் கேக்குதுன்னா போர்டுல பிரச்சினைன்னு ஒத்துக்குறேன்.

கார்டே வேணாம்னு சொல்ல வரல. ஓட்டுறதுக்கு கூடுதல் வோல்ட் கேக்குற 250 ஓம் ஹெட்போன் வச்சிருந்தா சில போர்டுல சவுண்ட் பத்தாது, ரெக்கார்டிங் பண்றவங்களுக்கு மைக் இன்புட் சுத்தமா பத்தாது, ஏஎல்சி887லயே உள்ள வர்ற பக்கம் 90 டெசிபல்தான். ஆனா அவங்களுக்கும் ஸ்லாட்ல சொருகுற கார்டு எதுக்கு? ரெக்கார்டிங்குக்கு வைக்குற கண்டென்சர் மைக்குக்கு வயர் வழியாவே குடுக்குற 48 வோல்ட் பேன்டம் பவர் வேணும், அது யூஎஸ்பியில மாட்டுற தனி ஆடியோ பெட்டியில (இன்டர்ஃபேஸ்) வருது, சாதாரண சவுண்ட் கார்டுல வராது. வெளிய இருக்குறதால கேபினட்டுக்குள்ள இருக்குற இரைச்சலும் அதை அவ்வளவா தொடாது, நாளைக்கு லேப்டாப் வாங்குனாலும் கழட்டி மாட்டிக்கலாம். சும்மா பாட்டு கேக்குறவங்க அந்தக் காசை நல்ல ஸ்பீக்கர்ல போட்டா வித்தியாசம் வீட்ல இருக்குற பாட்டிக்கே தெரியும்.

அடுத்த வாரம் அதே பகுதியில எர்த்திங் பத்தி நாலு வரி போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். லால்குடிக்காரரு அந்த கார்டை வித்துக் குடுங்கண்ணேன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனாரு, ஷோகேஸ்லயே கிடக்கு, இதுவரைக்கும் ஒருத்தரும் என்ன விலைன்னுகூட கேக்கல.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன்,
திருச்சி.