ஒரே கதவிலக்கம், இரண்டு குடும்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் மேல் குன்னூரின் பழைய பங்களாக்களையும் அவற்றில் வாழ்ந்த குடும்பங்களையும் பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். சிம்ஸ் பூங்காவுக்கு மேலே ஏறும் சாலைகளில் எழுபது ஆண்டுகளாக நடந்து பழகியவன் நான். அதனால் கட்டுரையில் வந்த ஒவ்வொரு வளைவையும் மதிலையும் அடையாளம் கண்டு மகிழ்ந்தேன். எனினும், குடும்பம் என்ற சொல் அக்கட்டுரை முழுவதிலும் கிரயப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களை மட்டுமே குறித்தது. அதே மதிலுக்குள் வேலை செய்து, அவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தவர்களில் ஒருவர்கூட அதில் இடம்பெறவில்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

முதலில் ஒரு சிறு திருத்தம். மலை ரயில் 1899-ல் உதகைக்கு வந்ததாகக் கட்டுரை கூறுகிறது. அந்த ஆண்டு ரயில் வந்து நின்ற ஊர் குன்னூர். உதகை வரை அது போனது 1908-ல்தான். இதை அச்சுப்பிழை போல ஒதுக்கிவிட முடியாது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் சமவெளியிலிருந்து ரயிலில் வந்த துரைமார்களும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளும் குன்னூரில் இறங்கித்தான் மேற்கொண்டு வண்டி மாற வேண்டியிருந்தது. சுமை தூக்க, வண்டி ஓட்ட, லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்ள, குசினியில் சமைக்க என்று ஆள் தேவைப்பட்ட அந்த நாட்களில் மலையேறி வந்தவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். சுமை தூக்க வந்தவர் ஒரு பங்களாவின் குதிரைக்காரர் ஆனார். அவருடைய மகன், என் தாத்தா, அதே பங்களாவின் மாலி, அதாவது தோட்டக்காரர், ஆனார்.

மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது 1873-ல். மறு ஆண்டே, சென்னை மாகாண அரசின் செயலராக இருந்த சிம் என்பவரும் மேஜர் முர்ரேயும் இங்கே பூங்காவைத் தொடங்கினார்கள். இவற்றைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் இப்பகுதியின் மரங்களைப் பற்றி அது எழுதியிருப்பதில் ஒன்றை நான் ஏற்க இயலாது. 'ஆதிகாலத்துப் பசுமை' என்ற விளக்கத்துடன் அச்சிடப்பட்டுள்ள படத்தில் நிற்பவை கற்பூர மரங்கள் என்று இங்கே நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரங்கள். அவையும், வாட்டில் எனப்படும் சீகை மரமும், சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கற்பூர மரம் நீலகிரிக்கு வந்ததே 1843-ல்தான்; விறகுக்காகத்தான் அதைப் பெருக்கினார்கள். அதற்கு முன் இம்மலையில் இருந்தவை சோலைக்காடும் புல்வெளியும், அவற்றிடையே படகர்களின் ஹட்டிகள் எனப்படும் ஊர்களும். ஆகவே இப்பகுதியின் நிழல் நட்டு வளர்க்கப்பட்ட நிழல். நட்டால் மட்டும் போதாது. வேலியை மாதந்தோறும் கத்தரிக்க வேண்டும், மழையில் சரியும் மண்ணை அணைக்க வேண்டும், பனிக்காலத்தில் பூச்செடிகளை மிலார்ச் செடிகள் கொண்டு மூட வேண்டும்.

இவ்வேலைகளைச் செய்த மாலிகளின் அறிவைப் பற்றி ஒரு சொல்லாவது கட்டுரையில் இருந்திருக்கலாம். நீலகிரியின் மண் புளிப்பு மண் என்பதால் ஹைட்ரேஞ்சியா இங்கே நீலமாகப் பூக்கும். துரைசாணிக்கு ரோஜா நிறம் பிடிக்கும் என்பதற்காக, தாத்தா சில செடிகளின் வேரில் மட்டும் சுண்ணாம்பு இட்டு, ஒரே வரிசையில் இரண்டு நிறங்களைப் பூக்க வைப்பாராம். பாராட்டு துரைசாணிக்குக் கிடைக்கும். சுண்ணாம்புக் காசு தாத்தாவின் கையிலிருந்து போகும் என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாங்கள் குடியிருந்தது பங்களாவின் பின்புறம், குசினிக்கும் விறகுக் கொட்டகைக்கும் அப்பால் இருந்த அவுட் ஹவுஸில். இரண்டு அறைகள், ஒரு திண்ணை, பட்லர் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு குழாய். சுதந்திரத்துக்குப் பின் துரைசாணி கப்பலேறினார். பங்களா ஒரு தோட்டக் கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு கோயம்புத்தூர் வணிகர் ஒருவருக்கு. அதன்பின் அவருடைய உறவினருக்கு. ஒவ்வொரு முறையும் முன்கதவின் பெயர்ப்பலகை மாறியது. பின்பக்கத்தில் நாங்கள் மாறவில்லை. தாத்தாவுக்குப் பின் அப்பா அங்கே வாட்ச்மேனாக இருந்தார். நான் அந்தத் திண்ணையில் அமர்ந்துதான் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தேன். கட்டுரை அந்த வீட்டுக்கு நான்கு குடும்பங்களைக் கணக்கிடுகிறது. என் கணக்கில் ஆறு. எங்களையும் பட்லர் குடும்பத்தையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

வெலிங்டனில் படைத்துறைப் பணியாளர் கல்லூரி அமைந்த பிறகு ஓய்வுபெற்ற அதிகாரிகள் இங்கே குடியேறியதையும், ஃபீல்டு மார்ஷல் மானெக்சா 2008-ல் மறையும் வரை குன்னூரை விட்டு நீங்காததையும் கட்டுரை விரிவாகவே சொல்கிறது; அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் 1964-ம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் சிலரும் இதே பங்களாக்களின் காவலாளிகளாகவும் ஆயாக்களாகவும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பில் படித்தவர்கள். அவர்களும் மேல் குன்னூரின் குடும்பங்களே.

இதற்கெல்லாம் ஆவணம் ஏது என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். நகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டைப் பார்த்தால் உரிமையாளர் பெயர் மட்டுமே கிடைக்கும். கட்டுரை பெரும்பாலும் அதையே நம்பியிருப்பதாகத் தெரிகிறது. பழைய வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்க்கட்டும். அது கதவிலக்கப்படி எழுதப்படுவது. அவுட் ஹவுஸுக்குத் தனி எண் கொடுக்கப்படாத வீடுகளில், பங்களாக்காரரும் மாலியும் பட்லரும் ஒரே எண்ணின் கீழ் அடுத்தடுத்த வரிகளில் நிற்பார்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழிலும் முகவரியும் இருக்கும். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஆயாக்களின் பிள்ளைகள் பெயர்கள் இருக்கும். இவை போதாவிட்டால், தந்தி மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா நாளில் வந்தால் போதும். ஓட்டுப்பட்டறைக்கும் வெளியூர்களுக்கும் இடம் மாறிப்போன பின்கட்டுக் குடும்பங்கள் பல அன்று ஒரே இடத்தில் நிற்கும். பங்களாக்களை அவர்கள் ஆங்கிலப் பெயரால் குறிப்பிடுவதில்லை. 'பெரிய கேட்டு பங்களா', 'நாய் பங்களா' என்றே சொல்வார்கள். பால்காரர்களுக்கு இன்றும் இந்த முகவரிதான் விளங்கும்.

காலம் தாழ்த்தினால் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். ஏக்கர் கணக்கில் இருந்த வளாகங்கள் மனைகளாகப் பிரிக்கப்படும்போது முதலில் இடிபடுவது அவுட் ஹவுஸ்தான். பங்களாவைப் பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லித் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள்கூட, அவுட் ஹவுஸ் இருந்த இடத்தில் கார் நிறுத்தம் அமைக்கிறார்கள். எங்கள் திண்ணை இருந்த இடத்தில் இப்போது நான்கு கார்கள் நிற்கின்றன. மரத்தை வெட்ட 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டும். அவுட் ஹவுஸை இடிப்பதை யாரும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை.

ஆகவே இக்கட்டுரையின் இரண்டாம் பகுதியைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும், அதற்காகக் கட்டுரையாளரை மீண்டும் ஒருமுறை குன்னூருக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வேலை மாறும்போது காட்டுவதற்காகத் துரைமார்கள் எழுதிக்கொடுத்த நற்சான்றுச் சீட்டுகளில் நான்கு, தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து என்னிடம் வந்துள்ளன. மூன்றில் அவருடைய பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. நான்காவதில் 'மாலி' என்று மட்டும் இருக்கிறது. மை மங்கிக்கொண்டே வருகிறது. படம் எடுத்துக்கொள்ள எந்த நாளில் வந்தாலும் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஓட்டுப்பட்டறை, குன்னூர்.