பி.டி. பீரியட் இருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடியும்வரை பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பி.டி. பீரியடை ரிவிஷனுக்குக் கொடுத்துவிடச் சொல்லி உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் அப்படித்தான் செய்தேன். அது தப்பு என்று இப்போது படுகிறது.

கிரவுண்டு பக்கம் போனால், வேப்பமரத்தடியில் எப்போதும் அதே ஏழெட்டுப் பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் "கால் வலி சார்." உட்கார வைத்துப் பேசினால் வலி ஒன்றும் இருக்காது. எப்போதோ ஓட்டத்தில் கடைசியாக வந்து, நாலு பேர் சிரித்திருப்பார்கள். அதோடு சரி. தேர்வு நெருங்கும்போது தூக்கம் வரவில்லை என்று என் அறைக்கு வருபவர்களிலும் இவர்கள்தான் அதிகம்.

'என்னால் முடியும்' என்ற எண்ணம் நாலு வழிகளில் வருவதாக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடம்பில் நடப்பதைப் புரிந்துகொள்ளும் விதம். முதலாவதுதான் வலுவானது. நாமோ மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு "உன்னால முடியும்டா" என்கிறோம், நானும்தான்.

நான்காவதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஓடினால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். வினாத்தாளை வாங்கும்போதும் அப்படித்தான். தினமும் ஓடுகிற பிள்ளைக்கு இந்தப் படபடப்பு பழகிய விஷயம். சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்று தெரியும். பழகாத பிள்ளை மிரண்டுபோய், படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று அழுகிறது.

அதனால் பீரியட் இருக்கும். முறைதான் மாறும். யார் முதல் என்ற பேச்சே இல்லை. இந்த வாரம் அரைச் சுற்று நடந்தவர் அடுத்த வாரம் முக்கால் சுற்று. அவரவர் நோட்டில் அவரவர் கணக்கு.

5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் இரண்டு பீரியடில் அது நடக்காது. மீதி உங்கள் கையில். பக்கத்து டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விடாமல் சைக்கிளில் அனுப்புங்கள். "அண்ணனைப் பார்" என்று ஒப்பிட வேண்டாம். பெண் பிள்ளைகள் பெரியவர்களானதும் விளையாட்டை நிறுத்திவிடுகிறீர்களே, அதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் தனியாகப் பேச வேண்டும்.

மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளின் டாக்டர் சீட்டை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஷூ கட்டாயமில்லை. வெறுங்காலில் ஓடுபவர்களுக்காகச் சனிக்கிழமை காலை கிரவுண்டில் கல்லும் முள்ளும் பொறுக்கப்போகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்