"எண்கள் பொருந்துகின்றன" என்று விற்கப்பட்ட வால்தர் பி.38: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: பழைய ராணுவக் கைத்துப்பாக்கிச் சேகரிப்பாளர்கள் மூவர் (பெயர், உரிம விவரம், ஏலப் பொருள் எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு, ராணுவப் பொருள் ஏல நிறுவனம்

பொருள்: பட்டியல் விவரத்துக்கு மாறான பொருள், பாதுகாப்புக் கோளாறு, முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் சென்ற ஏலத்தில் நாங்கள் எடுத்த வால்தர் பி.38 (இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி) பற்றிப் பட்டியலில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன: 1942 வால்தர் தயாரிப்பு; பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் பொருந்துகின்றன; அசல் நீலப்பூச்சு; 1945-ல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது; இயக்கம் பழுதற்றது, சுடத் தயார். இவற்றில் முதல் வாக்கியம் மட்டும், அதுவும் ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி), ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) ஆகியவற்றைப் பொறுத்தவரை மட்டும், உண்மை.

பணம் பற்றிப் பேசுவதற்கு முன் பாதுகாப்பு. இந்தத் துப்பாக்கியை யாராவது குண்டு ஏற்றி, தற்செயலாகச் சுடாமல் தடுக்க வேண்டிய சேஃப்டியைத் தட்டினால் வெடிக்கக்கூடும். பி.38-இல் சேஃப்டி நெம்பு வெறும் பூட்டு மட்டுமில்லை. ஹேமர் (பின்பக்கச் சுத்தியல்) பின்னிழுத்த நிலையில் நெம்பைக் கீழே தள்ளினால் ஸ்லைடுக்குள் உள்ள உருளை திரும்பி, குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹேமர் அதன் பிறகே விழ வேண்டும். உருளை தேய்ந்திருந்தாலோ விரிசல் கண்டிருந்தாலோ ஃபயரிங் பின் பிடிபடாது, ஹேமர் மட்டும் விழும். போர்க்கால பி.38-களில், குறிப்பாகக் கடைசி ஆண்டுகளில் அவசரமாகச் செய்தவற்றில், இது பலருக்கும் தெரிந்த அபாயம். அதனால்தான் பழைய பி.38 வாங்கும் விவரம் தெரிந்த எவரும் சேம்பரில் (குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் அறையில்) குண்டு வைத்துக்கொண்டு இந்த நெம்பைச் சோதிப்பதில்லை.

சோதிக்க ஒரு பென்சில் போதும். குண்டுகள் அடுக்கும் மேகஸினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஹேமரைப் பின்னிழுத்து, குழல்வாய் மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். ரப்பர் வைத்த சாதாரணப் பென்சிலை, ரப்பர் முனை உள்ளே போகும்படி குழலுக்குள் விட வேண்டும். பிறகு சேஃப்டியைக் கீழே தள்ள வேண்டும். பென்சில் அசையாமல் இருந்தால் உருளை வேலை செய்கிறது. அடுத்து சேஃப்டியை மேலே ஏற்றி ட்ரிக்கரை இழுத்தால் பென்சில் துள்ள வேண்டும். அதுவும் நடந்தால்தான் சோதனை முழுமை. நீங்கள் அனுப்பியதில் பத்து முறை செய்து பார்த்தோம். சேஃப்டியைத் தள்ளியபோதே நான்கு முறை பென்சில் துள்ளியது. அதில் ஒருமுறை குழலைவிட்டு வெளியே வந்து விழுந்தது. எப்போதும் துள்ளியிருந்தால்கூட உடனே பிடிபட்டுவிடும். சில சமயம் மட்டும் துள்ளுவது அதைவிட மோசம். இரண்டு நிமிடம் ஆகும் சோதனை இது. "சுடத் தயார்" என்று எழுதியவர் இதைச் செய்யவில்லை, அல்லது செய்துவிட்டு எழுதினார். இரண்டில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து எண்கள். எங்கள் குறையின் பெரும்பகுதி இங்கேதான்.

பி.38 அரிய துப்பாக்கி இல்லை. சேலா-மேலிஸில் வால்தர், ஓபர்ன்டார்ஃபில் மவுசர், குரோட்டாவில் ஸ்ப்ரேவெர்க் என்று மூன்று ஆலைகள் சேர்ந்து போர் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேல் செய்தன. ஒருவர் இரண்டாயிரம் டாலர் கொடுக்கிறார் என்றால், ஆலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த பாகங்களோடு, அதே பூச்சோடு இருக்கிறது என்பதற்காகத்தான் கொடுக்கிறார். அந்த நிலையைக் காட்டும் சாட்சி, பாகங்களில் பொறித்த எண்ணும், ராணுவம் பரிசோதித்து ஏற்றதற்கான முத்திரையும். மூன்று ஆலைகளுக்கும் ஜெர்மன் படைக்கல அலுவலகத்தின் முத்திரை வேறு வேறு: வால்தருக்குக் கழுகின் கீழ் 359, மவுசருக்கு 135, ஸ்ப்ரேவெர்க்குக்கு 88. ஆலைக் குறியீடும் வேறு: வால்தர் ஏசி, மவுசர் முதலில் பிஒய்எஃப், 1945-ல் எஸ்விடபிள்யூ, ஸ்ப்ரேவெர்க் சிஒய்க்யூ. வால்தர் ஆண்டுதோறும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரம் ஆனதும் எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து சேர்ந்து மறுபடி ஒன்றிலிருந்து வரும்.

இந்தத் துப்பாக்கியின் ஸ்லைடில் ஏசி 42 இருக்கிறது. வலப்பக்கம் இரண்டு 359 முத்திரைகளும் நடுவில் சோதனை முத்திரையும் சரியான இடத்தில் இருக்கின்றன. ஃபிரேமிலும் அதே எண். இதுவரை குறையில்லை. ஆனால் ஃபிரேமின் முன்பக்க நெம்பைத் திருப்பி, ஸ்லைடை முன்னால் உருவி, குழலைத் தனியே எடுத்ததும் கதை மாறுகிறது. குழலடியில் இருக்கும் முத்திரை கழுகு/88. அது ஸ்ப்ரேவெர்க் குழல். அதன் மேல் ஒரு பழைய எண் இருக்கிறது. குறுக்கே ஒரு கோடு அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஸ்லைடின் எண்ணைப் புதிதாகப் பொறித்திருக்கிறார்கள். புதிய எண்ணின் இலக்கங்கள் ஸ்லைடில் உள்ளவற்றைவிடப் பெரியவை, ஒரே நேர்க்கோட்டில் நிற்கவில்லை. 4 என்ற இலக்கத்தின் தலை ஸ்லைடில் ஒருவிதம், குழலில் வேறுவிதம். பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை, ஜன்னல் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பாகத்தில் வேறு முத்திரை இருந்தாலே மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. போரின் பிற்பகுதியில் பெல்ஜியத்தின் எஃப்என் ஆலை ஃபிரேமும் ஸ்லைடும் செய்து கொடுத்தது. அவற்றில் 140 இருக்கும், வால்தர் துப்பாக்கியில் அது முழுக்க அசலே. ஆனால் 1942 வால்தரில், எண் அடித்துத் திருத்திய ஸ்ப்ரேவெர்க் குழலுக்கு அப்படிப்பட்ட விளக்கம் எதுவும் இல்லை. எண்கள் பொருந்துவது ஒன்று, பொருந்தும்படி பிறகு அடித்து வைப்பது வேறொன்று. சேகரிப்பாளர் சந்தையில் இரண்டாவது வகையின் விலை முதல் வகையின் பாதியைத் தொடுவதே அரிது.

யார் அடித்து வைத்தார்கள் என்பதும் துப்பாக்கியிலேயே எழுதியிருக்கிறது. ஃபிரேமில் எண்ணுக்கு அருகே சின்னதாக ஒரு பெருக்கல் குறி. சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மன் ஆயுதங்களைப் போருக்குப் பிறகு கிடங்குகளில் மொத்தமாகப் பிரித்து, கலந்து, மறுபூச்சிட்டு, மறுபடி பொருத்தியபோது இட்ட குறியாகச் சேகரிப்பாளர்கள் அதை அறிவார்கள். "ரஷ்யக் கைப்பற்றல்" என்று பெயரிட்டே இவை வெளிப்படையாக விற்கப்படுகின்றன. அதை விரும்பி வாங்குபவர்களும் உண்டு. அதில் கேவலம் ஒன்றுமில்லை. உங்கள் பட்டியல் படத்தில் இந்தக் குறி இருக்கும் இடத்தில் மட்டும் விளக்கின் பளபளப்பு விழுந்து வெண்மையாகிவிட்டிருக்கிறது. இடப்பக்கத்தை ஒரே கோணத்தில் ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறீர்கள். குழலைக் கழற்றி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு படங்களில் ஐந்து தோல் உறைக்கு.

பூச்சும் அதே கிடங்கு வேலைதான். "அசல்" என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது பளபளப்பை இல்லை, குழிகளை. இந்த ஸ்லைடின் முன்பகுதியில் துருப்பிடித்த சிறு குழிகள் இருக்கின்றன. குழியின் அடியிலும் நீலம் ஏறியிருக்கிறது. துரு முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அசல் பூச்சில் துரு விழுந்தால் அந்த இடத்தில் நீலம் போய் வெறும் இரும்போ பழுப்போ தெரியும். எழுத்துகளின் விளிம்பு உருண்டு போயிருக்கிறது, ஸ்லைடின் பின்பக்க வரிகளின் கூர்மை மழுங்கியிருக்கிறது: மறுபூச்சுக்கு முன் தேய்ப்புச் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார்கள். 1942 வால்தரின் மேற்பரப்பில் ஆலை எந்திரத்தின் கீறல்கள் தெரிய வேண்டும். இதில் அவை பாதி அழிந்துவிட்டன. கீறல் அழிந்த வழவழப்பு ஒருவருக்கு அழகாகத் தெரியலாம்; எங்களுக்கு அது ஆதாரம் அழிந்த இடம்.

"படைவீரர் கொண்டுவந்தது" என்ற வாக்கியத்தை உங்கள் ஊழியர் ஒருவர்கூட குழலுக்குக் கீழே பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். குறிபார்க்கும் முன்முனைக்கு நேர் அடியில், எறும்பு வரிசை போல, இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொறித்த குறி இருக்கிறது. 1945-ல் வீரர் பையில் வந்த துப்பாக்கிக்கு யாரும் இறக்குமதிக் குறி அடிக்கவில்லை. அந்தக் கடமை அமெரிக்காவின் 1968 ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு வந்தது. அதே சட்டம் ராணுவ உபரி ஆயுத இறக்குமதியை நிறுத்தியது. 1984-ல் சட்டத்தைத் திருத்தி, பழம்பொருள் வகையில் சேரும் உபரி ஆயுதங்களுக்கு வழிவிட்ட பிறகுதான் இவை மறுபடி வரத் தொடங்கின. ஆக, இந்தத் துப்பாக்கி வணிகச் சரக்காகக் கப்பலில் வந்தது. வீரர் கொண்டுவந்ததற்குச் சான்று கேட்டு எழுதினோம். "குடும்பத்தினர் சொன்னது" என்று பதில் வந்தது. கைப்பற்றிய ஆயுதத்தை வீரர் ஊருக்குக் கொண்டுபோக மேலதிகாரி கையொப்பமிட்ட அனுமதித் தாள் இருந்தால் ஒரு பேச்சு. அதிலும் துப்பாக்கியின் எண் தட்டச்சாகி இருந்தால்தான் முழு மதிப்பு. குடும்பக் கதைக்கு விலை கூட்டிக் கேட்பது முறையில்லை.

மீதி சின்ன விஷயங்கள். மேகஸினில் உல்ம் என்று பொறித்திருக்கிறது. வால்தர் போருக்குப் பிறகு சோவியத் பகுதியில் சிக்கிய சேலா-மேலிஸை விட்டு உல்முக்கு நகர்ந்தது. எனவே அது போர்க்கால மேகஸினாக இருக்க வழியில்லை. போர்க்கால வால்தர் மேகஸினில் பி.38 என்ற எழுத்தும் கழுகு/359-உம் இருக்கும். கிரிப் (கைப்பிடித் தகடு) பிறகு மாற்றியது. குழலின் உட்புறம் "பத்துக்கு எட்டு" என்றிருந்தீர்கள். இரும்பை அரிக்கும் வகைத் தோட்டாக்களால் வந்த கருங்குழிகள் சேம்பருக்கு முன்னால் தொடங்கி அரைக் குழல் வரை இருக்கின்றன. எட்டு எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

சுடும்போது குழலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும் லாக்கிங் பிளாக்கின் இரு காதுகளையும் பார்த்தோம், விரிசல் இல்லை. ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் இரண்டும் இருக்கின்றன. குறை சொல்வதால் இருக்கும் நல்லதை மறைக்க வேண்டியதில்லை.

துப்பாக்கி கைக்கு வந்த மறுநாளே, உங்கள் மூன்று நாள் ஆய்வுக் கெடுவுக்குள், படங்களுடன் முதல் மின்னஞ்சல் அனுப்பினோம். "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்ற விதியைக் காட்டிப் பதில் வந்தது. அந்த விதி, சொல்லாமல் விட்ட குறைக்குப் பொருந்தலாம். நீங்களே எழுதி அச்சிட்ட விவரம் தவறாக இருப்பதற்கு அது எப்படிப் பொருந்தும்? உங்கள் விதிகளின் அடுத்த பத்தியே, தயாரிப்பாளர், காலம், எண் பொருத்தம் ஆகியவற்றில் பட்டியல் விவரத்துக்கு நிறுவனம் பொறுப்பு என்கிறது.

எங்கள் கோரிக்கை இது. ஏலத் தொகை 1,900 டாலர், வாங்குவோர் கட்டணம் 20 விழுக்காடாக 380 டாலர், அனுப்புகை 48 டாலர், ஆக 2,328 டாலரும் முழுதாகத் திரும்ப வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. பாதித் தொகை திருப்பி, துப்பாக்கியை எங்களிடமே விட்டுவிடும் யோசனையை உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். சேஃப்டி இந்த நிலையில் இருக்கும்போது அதை நாங்கள் ஏற்கவில்லை.

துப்பாக்கி மேகஸின் கழற்றி, சேம்பர் காலியாக, "சேஃப்டி பழுது, குண்டு ஏற்றக் கூடாது" என்ற அட்டை கட்டிப் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. அதை மறுபடி ஏலத்தில் வைப்பதாக இருந்தால் அந்த அட்டையோடும், ரஷ்யக் கைப்பற்றல், மறுபூச்சு, குழல் மாற்றம், இறக்குமதிக் குறி ஆகிய நான்கும் எழுதிய புதிய விவரத்தோடும் வைக்க வேண்டும். இதே விற்பனையாளரிடமிருந்து வந்த இன்னும் இரண்டு பி.38-கள் உங்கள் அடுத்த பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் படங்களிலும் குழலடி காட்டப்படவில்லை. ஏலத்துக்கு முன் அவற்றைக் கழற்றிப் பார்த்து, குழலடி முத்திரையின் படத்தைச் சேர்த்துவிடுங்கள். பென்சில் சோதனையையும் செய்துவிடுங்கள்.

பத்து வேலை நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் எதிர்பார்க்கிறோம். குழலடி, ஃபிரேம் குறி, இறக்குமதிக் குறி, குழிகள், மேகஸின் ஆகியவற்றின் பதினான்கு படங்களும், பென்சில் சோதனையின் காணொளியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பொருளை வாங்கிய மூவர்